எவ்வளவு வெறும் வயிறு?
வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி பாலக்காட்டு ஓரத்திலிருந்தும் குமரி, தென்காசி, இடுக்கி எல்லைகளிலிருந்தும் வந்தவை. ஐந்துக்கு மட்டும் இங்கே பதில்.

என் அம்மாவுக்கு 62 வயது. மலத்தில் ரத்தம் பட்டதால், பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி எடுக்கச் சொன்னார்கள். குடலைச் சுத்தம் செய்யக் கொடுத்த பொடியை முதல் நாள் ராத்திரியே இரண்டு லிட்டராகக் கரைத்துக் குடித்து முடித்தார். பதினைந்து தடவை போனது. இருந்தும் ‘குடல் சுத்தமாகவில்லை’ என்று பாதியில் நிறுத்திவிட்டார்கள். எங்கே தப்பு?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

எத்தனை தடவை போனது என்பது கணக்கே இல்லை. கடைசியாகப் போனது எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். அடியில் கசடு தங்காமல், வெளுத்த மஞ்சள் நீராகத் தெளிந்து வந்தால் குடல் தயார். பழுப்பாகவோ கலங்கலாகவோ இருந்தால் ஐம்பது தடவை போயிருந்தாலும் தயாரில்லை.

உங்கள் அம்மா விஷயத்தில் முதல் சந்தேகம் நேரத்தின் மேல்தான். இரவே எல்லாவற்றையும் குடித்து முடித்தால், அதன்பிறகு விடியும்வரை சிறுகுடலிலிருந்து பித்தம் கலந்த சளிநீர் இறங்கிக்கொண்டே இருக்கும். அது போய்ப் படிவது பெருங்குடலின் வலப்பக்கத்தில். தட்டையாகப் படரும், எளிதில் கண்ணுக்குத் தப்பும் சதை வளர்ச்சிகள் அந்தப் பக்கம்தான் அதிகம். அதனால்தான் மருந்தைப் பாதி பாதியாகப் பிரித்துக் குடிக்கச் சொல்கிறார்கள்.

பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி, 137.15 கிராம் பொதி என்றால் 2 லிட்டர் தண்ணீர். காலை 10 மணிக்குச் சோதனை என்று வையுங்கள். முந்தின நாள் மாலை 6 மணிக்கு ஆரம்பித்து 8 மணிக்குள் ஒரு லிட்டர். மறுநாள் விடியற்காலை 5 மணிக்கு ஆரம்பித்து 7 மணிக்குள் மற்ற லிட்டர். கால் லிட்டர் டம்ளராகப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று. குமட்டினால் அரை மணி விட்டுத் தொடரலாம். குளிரவைத்தால் இறங்குவது சுலபம். சோதனைக்கு 2 மணி நேரம் முன்பே தண்ணீர் உட்பட எல்லாம் நின்றுவிட வேண்டும். இரைப்பையில் நீர் கிடக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் அது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். ‘சீக்கிரம் முடியட்டும்’ என்று பொடியை ஒரு லிட்டரில் கெட்டியாகக் கரைப்பவர்கள் இருக்கிறார்கள். அது கூடவே கூடாது. உடம்பிலிருந்து உப்பும் நீரும் அளவுமீறிப் போகாதபடி கணக்குப் போட்டுச் செய்த கலவை அது.

விடியற்காலைக் குடித்துவிட்டு கோயமுத்தூருக்கோ பாலக்காட்டுக்கோ பஸ்ஸில் எப்படிப் போவது என்ற பயம் நியாயமானது. பலர் இரவிலேயே குடித்து முடிப்பதற்கு நிஜக் காரணமும் அதுதான். முடிந்தால் மதியத்துக்கு மேல் நேரம் கேட்டு வாங்குங்கள். கடைசி டம்ளருக்குப் பின் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கப்புறம் பஸ் ஏறலாம். இல்லையென்றால் முந்தின நாளே ஊருக்குள் தங்கிவிடுவது நல்லது.

அடுத்து சாப்பாடு. மூன்று நாள் முன்பே மட்ட அரிசியை, அதாவது கேரளத்துச் சிவப்பரிசியை, நிறுத்தியிருக்க வேண்டும். அரிசியில் ஒட்டிய அந்தச் சிவப்புத் தவிடு குடலில் சீக்கிரம் கரையாது. வெள்ளைச் சோறு, இட்லி, இடியாப்பம், மோர், முட்டை, மீன் போதும். தேங்காய்த் துருவல் போட்ட தோரன் (பொரியல்), கீரை, முருங்கைக்காய், பயறு, கொய்யா, எள், விதையோடு தக்காளி எல்லாம் விலக்கு. கடுகு தாளிப்பும் வேண்டாம். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் குழாயில் அழுக்கை உறிஞ்சும் துளையே ஏறத்தாழ 3.7 மில்லிமீட்டர்தான். நாலு கடுகும் கொஞ்சம் தேங்காய்ச் சக்கையும் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். முந்தின நாள் வடித்த நீராகாரம் மட்டும்: பால் விடாத காப்பி, கட்டன் சாயா (பால் விடாத டீ), இளநீர், துணியில் வடித்த ரசம், சீரக வெள்ளம் (சீரகத் தண்ணீர்). பதிமுகம் என்ற மரச்சீவல் போட்டுக் கொதிக்கவைத்த சிவப்பு வெள்ளம் அன்றைக்கு வேண்டாம். உள்ளே போன சிவப்பு நிறம், ரத்தமோ என்று பார்ப்பவரைக் குழப்பும்.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாரா? ரத்தம் போவதால் கொடுத்திருப்பார்கள். அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடல் சுவரில் ஒட்டவைக்கும். 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்த வேண்டும். சர்க்கரை மருந்து, ரத்தத்தை இளக்கும் மாத்திரை இவற்றை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கேட்டு, எழுதி வாங்குங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதை முதலிலேயே சொல்லவேண்டும். சோடியம் பாஸ்பேட் வகை மருந்து அவர்களுக்கு ஆகாது. இளநீரும் அவர்களுக்குச் சரிப்படாது.

அடுத்த தடவை அறிக்கையில், குடல் எவ்வளவு சுத்தம் என்பதைச் சொல்லும் பாஸ்டன் மதிப்பெண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பெருங்குடலை மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் 9. மூன்றிலும் தனித்தனியாக 2 குறையாமல் இருந்தால்தான் ‘ஒன்றும் இல்லை’ என்ற முடிவை நம்பலாம்.

காலையில் சர்க்கரை இல்லாமல் டீ மட்டும் குடித்துவிட்டு வயிற்று ஸ்கேனுக்குப் போனேன். ‘பித்தப்பை சுருங்கியிருக்கிறது, நாளை வாருங்கள்’ என்று அனுப்பிவிட்டார்கள். டீ சாப்பாடா?
– வாசகர், செங்கோட்டை

சர்க்கரை போடாவிட்டால் என்ன, பால் விட்டிருப்பீர்களே. பாலிலுள்ள கொழுப்பு சிறுகுடலைத் தொட்டதும் பித்தப்பை சுருங்கிப் பித்தத்தை வெளியே தள்ளிவிடும். சுருங்கிய பையின் சுவர் தடித்துக் காட்டும். 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் வீக்கமோ என்ற சந்தேகம் வரும். சின்னக் கல் இருந்தாலும் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். 6 முதல் 8 மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் போங்கள். மாத்திரை போட ஒரு மடக்குத் தண்ணீர் பரவாயில்லை. பீடி, சூயிங்கம் வேண்டாம். இரண்டும் காற்றை விழுங்கவைக்கும். அடிவயிறும் சேர்த்துப் பார்ப்பதென்றால் வெறும் தண்ணீர் நிறையக் குடித்து, சிறுநீர் கழிக்காமல் வரச் சொல்வார்கள். ‘வெறும் வயிறு என்றார்களே’ என்று அந்தத் தண்ணீரையும் குடிக்காமல் வருபவர்கள் தனி ரகம்.

அல்சருக்கு மூச்சுப் பரிசோதனை செய்ததில் கிருமி இல்லை என்று வந்தது. ஒரு மாதம் கழித்து எண்டோஸ்கோப்பியில் சதை எடுத்துப் பார்த்தபோது கிருமி இருக்கிறது என்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகர், வேலந்தாவளம்

சதையை நம்புங்கள். மூச்சுப் பரிசோதனைக்குப் போன அன்றுவரை கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தீர்களா என்பதைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. எங்கள் ஊகம், போட்டிருப்பீர்கள்.

ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியாவும் கரியமில வாயுவுமாக்கும். அடையாளம் வைத்த கரிமம் சேர்ந்த யூரியாவைக் குடிக்கக் கொடுத்து, அரை மணி நேரம் கழித்து மூச்சில் அந்தக் கரிமம் வருகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. பாண்டோபிரசோல், ரபிப்ரசோல், ஒமிப்ரசோல் போன்ற கேஸ் மாத்திரைகள் எல்லாம் அமிலத்தைக் குறைப்பதோடு கிருமியின் எண்ணிக்கையையும் அமுக்கிவைக்கும். கிருமி சாகாது, பதுங்கும். சோதனையில் ‘இல்லை’ என்று வந்துவிடும். ஆகவே இந்த மாத்திரைகளை 2 வாரமும், ஆன்டிபயாடிக், பிஸ்மத் மருந்துகளை 4 வாரமும் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். ஆஸ்பிரின் போடுபவர்களும், புண்ணிலிருந்து ரத்தம் கசிந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போதே ‘இருக்கிறது’ என்று வந்தால், அந்த முடிவை நம்பலாம்.

சிகிச்சை முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து மறுபடி மூச்சோ மலமோ சோதித்துக் கிருமி போய்விட்டதா என்று உறுதி செய்யுங்கள். ரத்தப் பரிசோதனை அதற்கு உதவாது. கிருமி போனபின்னும் எதிர்ப்பொருள் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும்.

மிளகாயால்தான் அல்சர் என்று உங்கள் வீட்டில் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். மிளகாய் எரிச்சலைக் கூட்டலாம். புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் இந்தக் கிருமியும் வலி மாத்திரைகளும். ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் 1984இல் இந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சி வரவழைத்துக்கொண்டார். 2005இல் ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார்.

மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அதிகம் தின்றால் கணையத்தில் கல் விழும், சர்க்கரை வரும் என்று திருவனந்தபுரம் பக்கத்து உறவினர்கள் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் வாரத்துக்கு நாலு நாள் மரச்சீனிதான்.
– வாசகி, களியக்காவிளை

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது தெரியுமா? சாராயப் பழக்கமே இல்லாத, ஏழைக் குடும்பத்து இளவயதினருக்குக் கணையத்தில் கல், வயிற்று வலி, பிறகு சர்க்கரை என்று வரும் நோயைக் கேரளத்தில் பேராசிரியர் பி.ஜே. கீவர்கீஸ் பல பத்தாண்டுகள் கவனித்துப் பதிவு செய்தார். அவர்களில் பலருக்கு முக்கிய உணவு மரச்சீனி. அதிலுள்ள லினமாரின் என்ற பொருள் சயனைடை விடும் என்பதால் சந்தேகம் அதன்மேல் விழுந்தது. 1979இல் இந்தக் கருத்து ஆய்விதழிலும் வந்தது.

பின்னால் நிலைமை மாறியது. மரச்சீனியைத் தொடாத பகுதிகளிலும் இதே நோய் இருந்தது. எலிகளுக்கு நெடுநாள் மரச்சீனி கொடுத்துப் பார்த்தார்கள். கணைய அழற்சியும் வரவில்லை, சர்க்கரையும் வரவில்லை. ஸ்பிங்க் 1 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் நம் நாட்டு நோயாளிகளிடம் மற்றவர்களைவிட வெகுவாகக் கூடுதலாகக் கிடைத்தது. ஆகவே கிழங்கைக் குற்றவாளியாக்க இன்று ஆதாரம் போதாது. ஒரே வீட்டில் எல்லாரும் ஒரே கிழங்கைத் தின்று, ஒருவருக்கு மட்டும் நோய் வந்ததை அன்றைக்கே யோசித்திருக்கலாம்தான்!

சயனைடு மட்டும் நிஜம். தோலை முழுக்கச் சீவி, சின்னத் துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வேகவைத்தால் விஷம் கிழங்கிலேயே தங்கும். கசக்கும் கிழங்கைச் சமைக்கவே வேண்டாம். சயனைடை உடம்பு மாற்றி வெளியேற்றக் கந்தகம் உள்ள புரதம் வேண்டும். மரச்சீனிக்கு மீன்கறி என்று வைத்த கை விவரம் தெரிந்த கை.

வீட்டில் யாருக்காவது முதுகுக்குப் பாயும் வயிற்று வலி, எண்ணெய் மிதக்கும் மலம், இளைப்பு இருந்தால் பார்த்துவிடுவது நல்லது. கல் இருந்தால் சாதாரண வயிற்று எக்ஸ்ரேயிலேயே பல சமயம் தெரியும். கணையம் சுரக்கிறதா என்று பார்க்க மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய என்சைமை அளப்பார்கள். ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே குறைவு. தண்ணீராகப் போகும் நாளில் மாதிரி கொடுத்தால் சுரப்பு நன்றாக இருந்தாலும் குறைத்துக் காட்டும். கெட்டியாக வரும் நாளில் கொடுங்கள். என்சைம் காப்ஸ்யூலை இந்தச் சோதனைக்காக நிறுத்த வேண்டாம். அது பன்றியின் என்சைம், சோதனை மனித என்சைமை மட்டும் பிடிக்கும்.

அப்பா ஏலத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். வயிற்றுக் கோளாறுக்குப் புது மருந்து ஆராய்ச்சியில் சேரச் சொல்கிறார்கள். படிவம் மலையாளத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? சிலருக்கு வெறும் மாவு மாத்திரை கொடுப்பார்களாமே?
– வாசகர், குமுளி

மலையாளப் படிவத்தில் அவர் கையெழுத்துப் போடக்கூடாது. அவருக்குப் புரியும் மொழியில் விளக்கத் தாளும் ஒப்புதல் படிவமும் தரவேண்டும் என்பது 2019ஆம் ஆண்டு மருந்து ஆய்வு விதிகளிலேயே இருக்கிறது. ‘தமிழ்ப் படிவம் தாருங்கள்’ என்று கேளுங்கள். அது ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட தமிழாகவும் இருக்கவேண்டும், நர்ஸ் நின்றவாக்கில் சொல்லும் மொழிபெயர்ப்பு போதாது. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதென்றால், ஆராய்ச்சியில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் கூட இருந்து கையெழுத்திட வேண்டும். கையெழுத்தான பிரதி ஒன்று உங்கள் கைக்கு வரவேண்டும். படிவத்தில் வாரிசு பெயர் கேட்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஆய்வினால் உயிரிழப்பு நேர்ந்தால் இழப்பீடு யாருக்கு என்பதற்காக அது.

பதிவு எண்ணைக் கேளுங்கள். சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேடு 2007 ஜூலையில் தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் மருந்து ஆய்வுகளுக்குப் பதிவு கட்டாயம். இணையத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவாகியிருக்கிறதா, உங்கள் ஆஸ்பத்திரி பெயர் பட்டியலில் இருக்கிறதா, எத்தனாவது கட்டம் என்று பாருங்கள். பதிவு எண் தர மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம்.

மாவு மாத்திரை ஏமாற்று அல்ல. குடல் எரிச்சல் நோயில் வெறும் மாத்திரைக்கே ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குணம் தெரியும். ஒப்பிட ஆள் இல்லாவிட்டால் எந்த மருந்தும் வேலை செய்வதாகத்தான் தோன்றும். ஆனால் வலி தாங்காவிட்டால் என்ன மாற்று மருந்து தருவார்கள், இப்போது சாப்பிடும் மாத்திரையை எத்தனை நாள் நிறுத்தவேண்டும் என்பதைச் சேருமுன் கேட்டுவிடுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது. ஆய்வினால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் சிகிச்சை இலவசம்.

சேர்ந்தபின் கெடுவது பெரும்பாலும் நாள்குறிப்பில். மலம் எந்த வகை என்று பிரிஸ்டல் அட்டையில் 1 முதல் 7 வரை படம் பார்த்துத் தினமும் எழுதச் சொல்வார்கள். 1 ஆட்டுப் புழுக்கை, 4 வழவழப்பான வாழைப்பழம், 7 வெறும் தண்ணீர். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஒரு வாரத்தை ஒரே மூச்சில் நிரப்பினால் அந்த எண்களுக்கு மதிப்பில்லை. அப்பா ராத்திரியில் ஜீரகாரிஷ்டமோ தசமூலாரிஷ்டமோ குடிப்பவராக இருந்தால், ‘அது மருந்துதானே’ என்று விட்டுவிடாமல் அதையும் சொல்லுங்கள். அரிஷ்டம் புளிக்கவைத்துச் செய்வது, அதில் சாராயம் உண்டு.