பதில்: கொக்கின் இறகு வெறும் வெள்ளையாக விழுகிறது

கொழும்புக்குப் பக்கத்திலுள்ள தலங்கம குளத்தில் எடுத்த கொக்குப் படங்களில் இறகே தெரியவில்லை, வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டிய மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். லென்ஸில் பிழை இல்லை. பின்னால் தண்ணீரும் புதரும் கருமையாக இருப்பதால், காட்சி முழுதும் இருட்டு என்று கமெரா கணக்குப் போட்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. கமெரா போட்ட வெளிச்சக் கணக்கை நாமே கூட்டிக் குறைக்கும் அமைப்பான எக்ஸ்போஷர் கம்பென்சேஷனை -1க்கு இறக்கிப் பாருங்கள். திரையில் வெள்ளைப் பகுதி இன்னும் மினுக்கி எச்சரித்தால் மேலும் கொஞ்சம். ரோ (RAW) கோப்பாக, அதாவது கமெரா சுருக்காத மூலப் பதிவாக எடுத்தாலும் முழுதாக எரிந்துபோன வெள்ளையை மீட்க முடியாது, நிழலை ஓரளவு தூக்கலாம். அப்புறம் அதே அளவில் நீர்க்காகத்தை எடுத்தால் கரிக்கட்டைதான் வரும். (நான் மாற்ற மறந்து ஒரு காலை முழுதும் வீணாக்கியிருக்கிறேன்.)

பத்து மணிக்குப் போனதாகச் சொன்னீர்கள். கொழும்பு வெயிலுக்கு அது ரொம்பப் பிந்தி. சூரியன் ஆறு மணிவாக்கில் எழும்பும், எட்டுக்குள் முடித்துவிடுங்கள். குளத்தை ஒட்டியே வீதி போவதால் கார்க் கண்ணாடியை இறக்கி உள்ளிருந்தே எடுக்கலாம், பறவை வெருளாது. ஏசியை மட்டும் முன்கூட்டியே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் ஆவி படிந்துவிடும். துடைத்தால் திரும்பவும் வரும். சூடேறும்வரை பொறுக்க வேண்டியதுதான்.