மோதிரத்துக்குத் தங்கமா, பிளாட்டினமா, வெள்ளியா? கேள்வி பதில்

கேள்வி: நிச்சயதார்த்தத்துக்கு வைர மோதிரம். 22 காரட்டிலேயே செய்துவிடலாமா சார்?

பதில்: கல்லைப் பிடிக்கும் நகங்களுக்கு 22 காரட் மென்மை. அதில் 91.6 சதவீதம் தங்கம். துணியில் மாட்டி நகம் தூக்கிக்கொள்ளும், கல் ஆட ஆரம்பிக்கும். 18 காரட்டில் 75 சதவீதம்தான் தங்கம், மீதி செம்பும் வெள்ளியும்; நகம் உறுதியாக நிற்கும். 22தான் வேண்டுமென்றால் கல்லைச் சுற்றி உலோக விளிம்பு மூடிப் பிடிக்கும்படி செய்யச் சொல்லுங்கள். மோதிரத்தைக் காதருகே வைத்துத் தட்டும்போது சலசலத்தால் கல் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். விற்கப் போனால் செய்கூலியும் சேதாரமும் போனதுதான்.

கேள்வி: ஒயிட் கோல்டா, பிளாட்டினமா அண்ணா? பார்க்க ஒன்றுபோலத்தானே இருக்கிறது?

பதில்: ஒயிட் கோல்டின் அந்தப் பளிச் வெள்ளை, பெரும்பாலும் மேலே பூசிய ரோடியம் என்ற உலோகம். தினமும் போட்டால் ஓரிரு வருடத்தில் உள்ளங்கைப் பக்கம் தேய்ந்து மஞ்சள் எட்டிப்பார்க்கும். மறுபடி பூச வேண்டும். நிக்கல் கலந்திருந்தால் சிலருக்கு விரல் அரிக்கும். பல்லேடியம் கலந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

950 பிளாட்டினத்துக்கு, அதாவது 95 சதவீதம் பிளாட்டினம் உள்ளதற்கு, பூச்சே வேண்டாம். கீறல் விழும், ஆனால் உலோகம் அதிகம் உதிராது, ஒதுங்கிக்கொள்ளும். மெருகு போட்டால் சரியாகிவிடும். எடைதான் கூடும்: 22 காரட்டில் 4 கிராம் பிடிக்கும் மோதிரம் இதில் நாலரையைத் தாண்டும். அளவு மாற்றுவதும் தலைவலி. தங்கம் 1,064 டிகிரியில் உருகும், பிளாட்டினத்துக்கு 1,768 டிகிரி வேண்டும். சாதாரணப் பட்டறை விளக்கால் ஆகாது. அளவு மாற்றித் தருவார்களா, திரும்ப எடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: வெள்ளி மோதிரம் கறுக்காமல் இருக்க வழி?

பதில்: 925 வெள்ளி, அதாவது 92.5 சதவீத வெள்ளி, கறுக்கத்தான் செய்யும், காற்றிலுள்ள கந்தகத்தின் வேலை அது. போடாதபோது ஜிப் பையில் வையுங்கள். ரோடியம் பூசியதும் உண்டு, ஆனால் தேயும்.

கேள்வி: தெர்மாமீட்டர் உடைந்ததைத் துடைத்தேன். தங்க மோதிரம் வெள்ளையாகிவிட்டது!

பதில்: பாதரசம் ஒட்டியிருக்கிறது. சோப்புக்குப் போகாது. வீட்டு அடுப்பில் காட்டவே கூடாது, ஆவி விஷம். மூடிய டப்பாவில் போட்டு, புகைபோக்கி உள்ள பட்டறைக்கு விஷயத்தைச் சொல்லியே கொடுங்கள்.

கேள்வி: ஒன்றரை கிராம் மோதிரத்தில் ஹால்மார்க் இல்லை. ஏமாற்றா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. 2 கிராமுக்குக் குறைந்த நகைக்குக் கட்டாயமில்லை. அதற்கு மேல் என்றால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 22கே916 போன்ற தூய்மைக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யுஐடி (அந்த நகைக்கே உரிய அடையாளக் குறி) மூன்றும் இருக்க வேண்டும். அந்த ஆறையும் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.