ஆஃப் போட்டுட்டாங்கன்னு நெனச்சேன்

"இங்கிலாந்துல லீட்ஸ் வந்து மூணு வாரமாச்சுங்க அக்கா. புட் ஆஃப், புட் அவுட், புட் அப்புன்னு ஒரே வார்த்தைக்கு வாலை மாத்தி மாத்திப் பேசறாங்க. பட்டியல் எழுதி மனப்பாடம் பண்ணினாச் சரியாயிடுமா?"ன்னு கேட்டிருக்கீங்க. பெருந்துறைப் பொண்ணுன்னு வேற சொல்றீங்க, அதனால நம்ம பேச்சுலயே சொல்றேன் அம்மணி.

சரியாகாதுங்க. நானும் நோட்டு போட்டு எழுதிப் பார்த்தவதான்.

நான் கோபிக்காரி. இங்க ஒரு முதியோர் இல்லத்துல சேர்ந்த மொத வருசம், ஜனவரியில பாரியூர் அம்மன் கோயில்ல குண்டம், அதான் தீமிதி, அதுக்குப் போகோணும்னு மேனேஜர்கிட்ட லீவு கேட்டேன். அந்தம்மா காலண்டரைப் பார்த்துட்டு, "லெட்ஸ் புட் இட் ஆஃப்"ன்னாங்க. நம்மூர்ல ஆஃப்னா என்னங்க? வீக் ஆஃப்தான. ஆஃப் போட்டுட்டாங்கன்னு தேங்க்ஸ் சொல்லிட்டு வந்து, அன்னைக்கு ராத்திரியே டிக்கெட் போட்டுட்டேன். அடுத்த வாரம் ரோட்டா, அதான் யாருக்கு எந்த ஷிஃப்ட்டுங்கற பட்டியல், ஒட்டறாங்க, குண்டத்தன்னைக்கு எனக்கு நைட் ஷிஃப்ட்! அந்தம்மா சொன்னது தள்ளிப் போடலாம்னு. டிக்கெட் காசு போனது போனதுதான். ஊர்ல அம்மாகிட்ட ஃப்ளைட் கேன்சல்னு சொல்லி வெச்சேன், இன்னிக்கும் அவங்களுக்கு நெசம் தெரியாது.

தள்ளிப் போடறதுல எதை எங்க போடறோம்? டீ போடறோம், ஓட்டுப் போடறோம், கணக்குப் போடறோம், ஆடு குட்டி போடுது. ஒரு வெள்ளைக்காரன் தமிழ் கத்துக்க வந்தா அழுதுட்டே ஓடிடுவான். ஒருத்தனைப் போட்டுத் தள்ளிட்டாங்கன்னா நமக்குச் சட்டுனு புரியுதில்லீங்களா? இங்க ஒரு தாத்தா, அவர் நாயைப் பத்தி "வீ ஹேட் டு புட் ஹிம் டவுன்"னு கண்ணு கலங்கினாரு. மடியில இருந்து எறக்கி விட்டதுக்கா அழுவாங்கன்னு முழிச்சேன். நோவுல கெடந்த நாயை டாக்டர்கிட்டக் கொண்டுபோய் ஊசி போட்டு முடிச்சிருக்காங்க.

அதனால வாலைத் தனியா பார்க்காதீங்க, சேர்த்து ஒரே வார்த்தையாக் காதுல வாங்குங்க. எதைப் பத்திப் பேசறாங்கன்னும் கவனிங்க. நெருப்பைப் புட் அவுட் பண்ணினா அணைக்கறது. குப்பைத் தொட்டியைப் பண்ணினா வாசலுக்கு வெளிய வெக்கறது. "ஷீ வாஸ் புட் அவுட்"னா அவ மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டான்னு அர்த்தம். புட் அப் வித்னா சகிச்சுக்கறது, அது மொத குளிர்காலத்துல தானா வந்துரும்.

ஒரு எலக்கணம் மட்டும் சொல்றேன். 'இட்' வந்தா நடுவுல போடோணும், புட் இட் ஆஃப். புட் ஆஃப் இட்னு சொன்னாத் தப்பு. புட் அப் வித் மட்டும் பிரியாது, 'இட்' கடைசியிலதான்.

பள்ளிக்கூடத்துல படிச்ச போஸ்ட்போன் சொன்னாலும் புரிஞ்சுக்குவாங்க. முன்னாடி நகர்த்தறதுக்கு நம்மூர்ல சொல்ற ப்ரீபோன் வேண்டாம், முழிப்பாங்க. ப்ரிங் ஃபார்வர்டுன்னு சொல்லுங்க.

அப்பறம் போன்ல "ஐ வில் புட் யூ த்ரூ"ன்னா முடிஞ்சுதுன்னு கட் பண்ணிராதீங்க. வேற ஆளுக்குக் கனெக்‌ஷன் குடுக்கறாங்க, லைன்லயே இருங்க.