புழு தொட்ட காந்தாரம்

அன்புள்ள ஐயா,

ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டென் கவிதைகளுக்கு இசையமைத்த ‘செரினேட்’ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத் தேடிக் கேட்டேன். பத்து வருஷம் கர்நாடக சங்கீதம் கற்றவள் நான். மேற்கத்திய இசையில் பழக்கம் குறைவு. தொடக்கத்தில் ஹார்ன் என்ற ஊதுவாத்தியம் தனியாக வாசிக்கும்போதே இரண்டு மூன்று இடங்களில் சுருதி விலகுகிறது. இவ்வளவு பேர் கொண்டாடும் ஒன்றில் இதை எப்படி விட்டார்கள்? அப்புறம், பாடகர் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஓடுகிறார். என்ன சொல் என்றே புரியவில்லை. எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறு. அதில் வரும், கவிஞர் பிளேக்கின் ‘நோயுற்ற ரோஜா’ எனக்குக் கல்லூரி நாளிலிருந்தே மனப்பாடம். எட்டே வரி, அதற்குள்ளேயே எல்லா ஓசையும் இருக்கிறது. அதற்கு மேல் இசை எதற்கு? நல்ல கவிதையை மெட்டுக்குள் போடுவது அதற்குச் செய்யும் அநியாயம் இல்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. நான் இதை முதலில் கேட்டது நண்பர் ஒருவர் பதிவு செய்து கொடுத்த கேசட்டில். ஹார்ன் தொடங்கியதும் நாடா இழுக்கிறது என்று நினைத்து வெளியே எடுத்துச் சுற்றிவிட்டு மறுபடி போட்டேன். அதே இடத்தில் அதே விலகல்.

அது பிழை இல்லை, பிரிட்டென் கேட்டு வாங்கியது. ஹார்ன் என்பது சுருட்டி வைத்த நீளமான குழாய். இன்றைய ஹார்னில் வால்வுகள் உண்டு. அவற்றை அழுத்தினால் குழாயின் நீளம் மாறி எல்லா ஸ்வரமும் இடத்தில் வந்து உட்காரும். முகப்பிலும் முடிவிலும் மட்டும் வால்வைத் தொடாமல், குழாய் தானாகத் தரும் ஸ்வரங்களிலேயே வாசிக்க வேண்டும் என்பது அவர் குறிப்பு. உங்களுக்கு இதை விளக்குவது எளிது. தம்புராவை மீட்டினால் யாரும் சேர்க்காத ஒரு காந்தாரம் (‘க’ ஸ்வரம்) கேட்கிறதே, சுயம்பு காந்தாரம், அது கீழ் ‘ஸ’வான மந்தர ஷட்ஜத்தின் அதிர்வைப்போல் ஐந்து மடங்கு. ஹார்ன் குழாய் தானாகத் தருவதும் இப்படி மடங்கு மடங்காக ஏறும் ஏணிதான். அதில் இன்னும் மேலே ஏறினால் ஏழாவது, பதினோராவது, பதிமூன்றாவது படிகள் வரும். பதினோராவது படிக்குப் பியானோவில் கட்டையே கிடையாது. நம் கணக்கில் ‘ம’வின் இரண்டு வகைகளான சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் ஏறக்குறைய நடுவில் விழும். நீங்கள் சுருதி விலகுகிறது என்று சொல்லும் இடங்களில் ஒன்று அது. இயற்கையின் சுருதி அது. நாம் பழகிய சுருதியிலிருந்துதான் விலகுகிறது.

அது ஏன் அங்கே வேண்டும் என்றால், இந்தப் படைப்பு முழுக்க மாலையும் இரவும். ஒரு மனிதக் குரல், ஒரு ஹார்ன், தந்தி வாத்தியங்கள், ஆறு ஆங்கிலக் கவிதைகள். 1943 அக்டோபரில் லண்டன் விக்மோர் ஹாலில் முதலில் நிகழ்த்தினார்கள். நடுப் போர்க்காலம். முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவிலிருந்து திரும்பி, போரில் சேர மனசாட்சி இடம் தராது என்று பதிவு செய்துகொண்டிருந்தார் பிரிட்டென். பாடியவர் அவருடைய வாழ்க்கைத் துணையான பீட்டர் பியர்ஸ். ஹார்ன் வாசித்த டென்னிஸ் பிரெய்னுக்கு அப்போது 22 வயது, விமானப்படையின் இசைக்குழுவில் இருந்தார். (36 வயதில் கார் விபத்தில் போய்விட்டார். 1944இல் இவர்கள் செய்த பதிவு இன்றும் கிடைக்கிறது. ஒலி பழையது, ஆனாலும் அதைத்தான் முதலில் கேளுங்கள்.) கவிதைகளுக்குள் நுழையும் முன், மனிதர் வகுத்த ஸ்வரங்களுக்கு வெளியே ஓர் இடத்தில் நம்மைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கிறார். அப்படித்தான் எனக்குக் கேட்கிறது.

சரி, உங்கள் பெரிய கேள்வி. இசை ஒரு கவிதைக்கு எதையும் சேர்க்க வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரிட்டென் சேர்க்க வரவில்லை. அவர் அதைப் படிக்கிறார், படிப்பதை நாம் கேட்க முடிகிறது. உங்களுக்கு மனப்பாடமான அந்தக் கவிதையையே எடுத்துக்கொள்வோம். ரோஜாவே, உனக்கு நோய். இரவில், ஊளையிடும் புயலில் பறந்து வரும், கண்ணுக்குத் தெரியாத புழு உன் சிவந்த இன்பப் படுக்கையைக் கண்டுபிடித்துவிட்டது. அதன் இருண்ட ரகசியக் காதல் உன் உயிரை அரிக்கிறது. அவ்வளவுதான் கவிதை.

பிரிட்டென் செய்ததைப் பாருங்கள். நாலு நிமிடத்துக்கு மேல் ஓடும் இந்தப் பாட்டில் குரல் வருவது நடுவில் சுமார் ஒரு நிமிடம். எட்டு வரியையும் கிட்டத்தட்டப் பேசுவதுபோல் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. முன்னும் பின்னும் ஹார்ன். அடியில் தந்திகள் ஷட்ஜமும் பஞ்சமமுமாக விட்டுவிட்டு ஒலிக்கின்றன, காந்தாரம் இல்லாமல். அந்தக் காந்தாரத்தை ஹார்ன் கொண்டுவருகிறது. முதலில் அந்தர காந்தாரம், முழு மலர்ச்சி. உடனே அரை ஸ்வரம் வழுக்கிச் சாதாரண காந்தாரத்தில் இறங்குகிறது. மேற்கத்தியக் காதுக்கு மேஜர் மைனராகும் இடம் அது, வெளிச்சம் இருட்டாவதுபோல. ரோஜா என்ற சொல்லே இன்னும் வரவில்லை, புழு உள்ளே போய்விட்டது. பிறகு ஹார்னின் மெட்டு முழுக்க இந்த அரை ஸ்வரச் சரிவால் கட்டியதுதான், ஒவ்வொரு தாவலும் உடனே அரிபட்டு இறங்குகிறது. குரல் வந்து ‘நோய்’ என்று சொல்லும்போது நமக்கு அது செய்தி இல்லை, ஏற்கெனவே உடம்பில் தெரிந்த ஒன்று.

பிளேக்கைப் பலமுறை படித்தும் எனக்கு ஒன்று பிடிபடாமலே இருந்தது. புழு எப்போது வந்தது? கவிதையின் முதல் வரியிலேயே ரோஜாவுக்கு நோய். புழுவின் கதை அதற்குப் பிறகுதான் வருகிறது. அழகும் அழிவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தவையா, சேர்ந்தே இருந்தவையா? பிரிட்டெனின் பதில் அந்த இரண்டு காந்தாரங்களுக்கு நடுவே இருக்கிறது. இது ஒரு வாசிப்புதான், நீங்கள் மறுக்கலாம். மறுத்தாலும் கவிதை அப்படியே இருக்கும். அநியாயம் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சொல் புரியவில்லை என்பதில் உங்கள் பக்கம் ஓரளவு நியாயம் உண்டு. நீங்கள் சொல்வது கவிஞர் பென் ஜான்சனின் பாட்டாகத்தான் இருக்க வேண்டும், சந்திர தேவதை டயானாவைப் புகழ்வது. ‘மிகச் சிறப்பாக ஒளிர்பவளே’ என்ற தொடரின் ‘எக்ஸலன்ட்லி’ என்ற சொல்லில் குரல் ஓடிக்கொண்டே இருக்கும். இது 1695இல் இறந்த ஆங்கில இசையமைப்பாளர் ஹென்றி பர்செலிடம் பிரிட்டென் கற்றது. ஆங்கிலச் சொல்லுக்கு இசையில் இருந்த துள்ளல் பர்செலுக்குப் பிறகு அரிதாகிவிட்டது, அதை மீட்க வேண்டும் என்று அவர் எழுதியிருக்கிறார். ஒரு சொல்லை எடுத்துச் சங்கதி மேல் சங்கதியாகப் போட்டுப் பாடிய உங்களுக்கு இது அந்நியமாக இருக்காது. வேகம்தான் தடை. கவிதையை ஒருமுறை கண்ணால் படித்துவிட்டுக் கேட்டால் அந்த ஓட்டம் ஹார்னோடு பிடித்து விளையாடும் வேட்டையாகக் கேட்கும்.

ஆனால் அதையே பொது விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிளேக்குக்கு அடுத்து வரும் பழைய இழவுப் பாட்டில் இழுப்பு இல்லை. வட இங்கிலாந்தில் பிணத்தருகே விழித்திருக்கும் இரவில் பாடியது, எழுதியவர் பெயர் இல்லை. இறந்த உயிர் ஒரு முள்வெளியைக் கடக்க வேண்டும். உயிரோடு இருந்தபோது யாருக்காவது காலுறையும் செருப்பும் கொடுத்திருந்தால் அங்கே உட்கார்ந்து அவற்றைப் போட்டுக்கொள்ளலாம். கொடுக்காதவர் காலில் முள் எலும்புவரை தைக்கும். ஒன்பது கண்ணிகள், ஒன்பதுக்கும் ஒரே மெட்டு, அதே உச்சத்தில். பியர்ஸ் துணையில்லாமல் தொடங்குகிறார். அடியிலிருந்து தந்திகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, பிறகு ஹார்னும் சேர்ந்து பெரிய பயமாக எழுகின்றன. குரல் எதற்கும் தன் மெட்டை மாற்றிக்கொள்வதில்லை. அந்தப் பிடிவாதம்தான் என்னை உலுக்கியது. அச்சில் படித்தபோது அந்தத் திரும்பத் திரும்ப வரும் வரிகளைக் கண் தாண்டிப் போய்விட்டது. இங்கே ஒன்பது முறையும் நின்று கேட்க வேண்டியிருக்கிறது.

முதல் பாட்டில் சார்லஸ் காட்டன் என்ற கவிஞரின் கவிதையைப் பிரிட்டென் பாதிக்கு மேல் வெட்டியிருக்கிறார். சாயங்கால நிழலில் எறும்பு யானையாகத் தெரியும் இடத்தை விட்டுவைத்திருக்கிறார், அது போதும். கவிஞர் டெனிசனின் பாட்டில் எதிரொலி தேயும் இடத்தில் குரலும் ஹார்னும் ஒன்றை ஒன்று எதிரொலித்துத் தேய்வதைக் கவனியுங்கள்.

கடைசியில், தூக்கம் பற்றிக் கவிஞர் கீட்ஸ் எழுதிய சானெட், பதினாலு வரிக் கவிதை. இருட்டில் அகழெலிபோல் குடையும் மனசாட்சியிலிருந்து என்னைக் காப்பாற்று, எண்ணெய் போட்ட பூட்டில் சாவியை மெதுவாகத் திருப்பி என் ஆன்மாவின் பேழையை மூடு என்று கேட்கிறது. இதில் ஹார்ன் இல்லை. அந்த நேரத்தில் வாசிப்பவர் மேடையை விட்டு எழுந்து போய்விடுகிறார். குரல் அடங்கியதும், மேடைக்கு வெளியே எங்கிருந்தோ முதலில் கேட்ட அதே மெட்டு, அதே விலகலோடு வரும்.

விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை முழுசாகக் கேளுங்கள். அந்த இரண்டாம் தடவை பதினோராவது படி உங்கள் காதில் எப்படி விழுந்தது என்று எனக்கு எழுதுங்கள்.