தூண்டில் கேள்வி பதில்: தெளிஞ்ச தண்ணில மீன் ஏன் மாட்ட மாட்டேங்குது?

இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல ஒரே பாட்டுதான். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, மீன் கண்ணு முன்னாடி நீந்துது, ஆனா தூண்டில சீண்ட மாட்டேங்குது. மழை நின்னு செந்தண்ணி அடங்கி மார்கழி தை ஆச்சுன்னா வருஷா வருஷம் வர்ற புலம்பல்தான் இது, அதனால இந்த தடவை தெளிஞ்ச தண்ணி சமாச்சாரத்தையே எடுத்துக்கிட்டேன். புழு எங்க கிடைக்கும்னு கேட்டவங்க அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: அண்ணா, நான் குடியாத்தம். யூடியூப்ல அமெரிக்காகாரங்க பாஸ் மீன் பிடிக்கறத பாத்து பாத்து ஆசை வந்து ராடு, ரீல், ரப்பர் தவளை எல்லாம் வாங்கிட்டேன். மோர்தானா அணை பக்கம் தண்ணி சூப்பரா தெளிஞ்சு கிடக்கு. விரால் தவளை பின்னாடியே வருது, கிட்ட வந்து நின்னு பாக்குது, திரும்பி போயிடுது. நாலு ஞாயித்துக்கிழமை போச்சு, ஒன்னு கூட ஏறல. தவளை கலர மாத்தணுமா?

பதில்: தம்பி, தவளைய விடுங்க, மொதல்ல உங்க சட்டை என்னா கலர்னு சொல்லுங்க. நீங்க அனுப்பின போட்டோல வெள்ளை டீ ஷர்ட், கரை மேல நெட்டுக்குத்தலா நின்னுகினு இருக்கீங்க, பின்னாடி வெறும் வானம். விரால் தவளைய பாத்து திரும்பல, தவளைக்கு பின்னாடி நிக்கிற உங்கள பாத்துதான் திரும்புது.

தண்ணிக்குள்ள இருக்கற மீனுக்கு மேல இருக்கற உலகம் பூரா ஒரு வட்ட ஜன்னல் வழியாதான் தெரியும், வெளிச்சம் தண்ணிக்குள்ள நுழையறப்ப வளையுதுல்ல, அதனால. அந்த ஜன்னலோட கோணம் கிட்டத்தட்ட 97 டிகிரி. ஒரு மீட்டர் ஆழத்துல நிக்கிற மீனுக்கு அந்த வட்டம் ரெண்டேகால் மீட்டர் அகலம்தான், ஆனா கரை, மரம், நீங்க, உங்க பைக் எல்லாமே அதுக்குள்ள சுருங்கி தெரியும். உயரமா இருக்கறது ஜன்னலுக்கு நடுப்பக்கம் ஏறி பளிச்சுனு தெரியும், தாழ்வா இருக்கறது ஓரத்துல நசுங்கி மங்கலா போயிடும். நின்னா ஆளு தெரியும், குந்திகினா கரையோட கரையா ஆயிடுவீங்க, கலங்கின தண்ணில இது எதுவும் பிரச்னையே இல்ல, அதனாலதான் புரட்டாசில நின்னுகினே பிடிச்சவங்க தைல முழிக்கிறாங்க.

எனக்கு இத சொல்லிக் குடுத்தது வீடியோ இல்ல, எங்க தாத்தாவும் கழனி கிணறும். நம்ம பக்கத்து கிணத்து தண்ணி எப்படி இருக்கும்னு உங்களுக்கு தெரியும், அடில விழுந்த சொம்பு கூட தெரியும். சின்ன வயசுல ஒரு கொம்புல தூண்டி நரம்பு கட்டி கேவுறு களிய உருண்டை பண்ணி முள்ளுல குத்தி கிணத்து மேட்டுலேர்ந்து எட்டிப் பாத்துகினே உடுவேன், என் தலை நிழல் தண்ணில விழுந்த அந்த நொடி அத்தன ஜிலேபி மீனும் கல் இடுக்குக்குள்ள போயிடும், களி மட்டும் தனியா தொங்கிகினு இருக்கும். தாத்தா ஒன்னும் பேசல, என் தோள புடிச்சு வெயிலுக்கு எதிர் பக்கம் கொண்டு போய் படிக்கட்டுல உக்கார வெச்சாரு, நிழல் எனக்கு பின்னாடி போயிடுச்சு. பீடி பத்த வெச்சு முடிக்கறதுக்குள்ள நரம்பு இழுத்துச்சு. அன்னைக்கு பிடிச்சது என் உள்ளங்கை அளவு ஜிலேபி, அதோட முதுகு முள்ளு குத்தின வலி இன்னும் ஞாபகம் இருக்கு. இன்னிக்கு ஆயிரக்கணக்குல ராடு வாங்கினாலும் மொதல் பாடம் அதேதான்.

இனி உங்க சாமானுக்கு வர்றேன். சூரியன் உங்க முகத்துக்கு வர்ற மாதிரி பக்கம் மாத்துங்க, கண்ணு கூசும், பரவால்ல, நிழல் பின்னாடி விழும். கரைல தொம் தொம்னு நடக்காதீங்க, நீங்க பேசறது மீனுக்கு அவ்வளவா கேக்காது, ஆனா காலடி அதிர்வு தண்ணில எறங்கினா அது உடம்பு பக்கவாட்டு கோட்டுல உணர்ந்துடும். மீன் எங்க நிக்குதோ அங்கயே தவளைய போடாதீங்க, அதுக்கு ரெண்டு மூணு பாகம் (ஒரு பாகம்னா ரெண்டு கையும் விரிச்ச நீளம்) தள்ளி போட்டு மெதுவா அது வழிக்கு கொண்டு வாங்க. இன்னொன்னு, மீன் கண்ணுக்கு தெரியற இடத்துல இருக்காது, நேரா மேலேர்ந்து பாத்தாலே நாலடி ஆழம் மூணடியா தெரியும், சாய்வா பாத்தா இன்னும் மேல இருக்கற மாதிரி ஏமாத்தும்.

தவளை வந்து, அல்லி இலை பாசி இருக்கற இடத்துக்கு ராஜா, இலை மேலேர்ந்து தொபுக்குனு எறங்கி ஒரு நிமிஷம் சும்மா கிடக்கணும். வெட்ட வெளி தெளிஞ்ச தண்ணில அது வெறும் ரப்பர் துண்டு, விராலுக்கு நிதானமா பாத்து சந்தேகப்பட நேரம் கிடைக்குது. அங்க ரெண்டு அங்குல சின்ன மீன் மாதிரி லூர், அதாவது பொய் இரை, நம்ம ஏரி கெண்டக்குஞ்சு கலர்ல, அதாவது மங்கின வெள்ளி, முதுகு லேசா பச்சை, அத போடுங்க. கண்ண பறிக்கற ஆரஞ்சு, ரோஸ் எல்லாம் கலங்கல் தண்ணிக்கு. பின்னல் நரம்பு போட்டிருக்கீங்கன்னா அது தண்ணில கயிறு மாதிரி தெரியும், முனைல அஞ்சாறு அடி ஃப்ளோரோகார்பன் நரம்பு சேத்து கட்டுங்க, அது சாதா நைலான விட தண்ணில கம்மியாதான் தெரியும். ஆனா ஃப்ளோரோகார்பன் முழுகும், அதனால மெதக்கற தவளைக்கு அத கட்டினா மூக்க கீழ இழுக்கும், அதுக்கு வேணாம்.

நேரம் சொல்லவே இல்ல பாருங்க. காலைல வெளுக்கறதுக்கு முன்னாடி, சாயந்திரம் மலை நிழல் தண்ணில எறங்கறப்ப. மத்தியானம்தான் போக முடியும்னா லேசா காத்தடிச்சு தண்ணி சிலிர்த்துக்கிட்டு இருக்கற பக்கமா போங்க, அலை வந்தா அந்த ஜன்னல் ஒடஞ்சு போயிடும், நீங்க பாதி மறைஞ்ச மாதிரி. அப்புறம் விரால் காத்து குடிக்க மேல வந்தே ஆகணும், பொளக்குனு ஒரு சத்தம், ஒரு குமிழி. அந்த இடத்த பாத்து வெச்சிக்கோங்க. தவளைய கவ்வினதும் வெடுக்குனு இழுக்காம ஒன்னு ரெண்டு எண்ணிட்டு இழுங்க. போறதுக்கு முன்னாடி அந்த தண்ணி யாரு கைல இருக்குன்னு விசாரிங்க, அணையோ ஏரியோ, மீன் குத்தகைக்கு போயிருந்தா குத்தகைக்காரர கேக்காம ராட பிரிக்கறது மரியாதை இல்ல.

கேள்வி: பாஸ் மீன்னா நம்ம கொடுவாதானே? ஹோட்டல் மெனுல சீ பாஸ்னு போட்டிருக்கான். (அரக்கோணம்)

பதில்: பேருல மட்டும்தான் சொந்தம். கொடுவா கடல்லயும் கழிமுகத்துலயும் வளர்ற மீன், பழவேற்காடு பக்கம் போனா கிடைக்கும். வீடியோல வர்ற பெரிய வாய் பாஸ் வட அமெரிக்கா நன்னீர் மீன், வேற குடும்பம். குணத்த வெச்சு பாத்தா அதுக்கு நம்மூர்ல பொருத்தமான ஆளு விரால்தான், ரெண்டுமே செடி மறைவுல பதுங்கி பாய்ற ஜாதி.

கேள்வி: சொந்த ஊரு ஆற்காடு, இப்ப அமெரிக்காவுல மிசௌரில வேலை. இங்க டேபிள் ராக் லேக்னு ஒன்னு இருக்கு சார், இருபதடிக்கு கீழ இருக்கற பாறை கூட தெரியுது. பாஸ் பிடிக்க லைசென்ஸ் எல்லாம் எடுத்துட்டேன். கரை ஓரமாவே போட்டுகினு இருக்கேன், சின்ன சின்னதுதான் வருது. பெருசு எங்க போச்சு?

பதில்: ஆற்காட்டுக்காரர் பாலாறு வறண்டு கிடக்கறத பாத்து வளந்துட்டு இப்ப ஏரி ரொம்ப தெளிவா இருக்குன்னு குறை சொல்றீங்க, கேக்கவே நல்லாருக்கு. டேபிள் ராக் ஒயிட் ரிவர்ங்கற ஆத்துல அணை கட்டி உண்டான ஏரி, அணை 1958ல முடிஞ்சது, சுண்ணாம்புப் பாறை பூமி, அதான் அந்த தெளிவு. அங்க பெரிய வாய், சின்ன வாய், புள்ளி பாஸ்னு மூணு வகையும் இருக்கு. வெளிச்சம் ஆழம் வரைக்கும் போற தண்ணில பெருசுங்க கரைய விட்டுட்டு ஆழத்துக்கு எறங்கிடும், சரிவு முடியற இடம், முழுகின மரம், அந்த மாதிரி. அதனால உங்களுக்கு டிராப் ஷாட்தான். வழக்கமா நம்ம ஈயத்துக்கு கீழ முள்ளு தொங்கும், இதுல தலைகீழ், ஈயம் நரம்போட நுனில, முள்ளு அதுக்கு ஒரு அடி மேல. ஈயம் தரைல உக்காரும், சின்ன ரப்பர் புழு தரைக்கு மேல அந்தரத்துல நிக்கும். ராட ஆட்டாதீங்க, கை நடுக்கம் அளவுக்கு அசைஞ்சா போதும், நம்மாளுங்களுக்கு அந்த பொறுமைதான் வராது. நரம்பு மெல்லிசா, ஆறு எட்டு பவுண்டு எடை தாங்கறது போதும். கோடைல ராத்திரி போய் பாருங்க, பகல்ல ஆழத்துல கிடந்ததுங்க இருட்டினதும் மேட்டுக்கு ஏறும். பிடிச்சத திரும்ப உடறதா இருந்தா கை ஈரம் பண்ணிகினு பிடிங்க, பெரிய மீன வெறும் தாடைல தொங்க விட்டு போட்டோ எடுக்காதீங்க, வயித்துக்கு ஒரு கை குடுங்க.

கேள்வி: செவப்பு செவப்பா விரால் குஞ்சு கூட்டமா மேல வருது, கீழ தாய் நிக்குது. அந்த நேரத்துல போட்டா உடனே அடிக்குதாமே? (வாலாஜா)

பதில்: அடிக்கும். பசிக்கு இல்ல, கோவத்துக்கு. லூர் எதுவா இருந்தாலும் அடிக்கும், அதுல திறமை ஒன்னுமே இல்ல. நான் ஒரு தடவை பண்ணியிருக்கேன், மறைக்க மாட்டேன். எங்க ஊரு ஏரில மதகு பக்கம், தண்ணி தெளிஞ்சிருந்துச்சு, ரெண்டு கிலோ இருக்கும், மூணாவது வீச்சுல ஏத்திட்டேன். சந்தோஷமா கொண்டு போய் வீட்ல குடுத்தேன், கொழம்பும் நல்லாதான் இருந்துச்சு. மறுநாள் அதே இடத்துக்கு போனா அந்த செவப்பு கூட்டம் பாதியா இருந்துச்சு, ஜிலேபியும் கெண்டையும் ஓரத்துலேர்ந்து பாஞ்சு பாஞ்சு தின்னுகினு இருந்துச்சு, குஞ்சுங்க எங்க ஒதுங்கறதுன்னு தெரியாம அதே எடத்துலயே சுத்திகினு இருந்துச்சு. தண்ணி கலங்கி இருந்திருந்தா எனக்கு தெரிஞ்சே இருக்காது. பாஸ்லயும் இதே கதைதான், வசந்த காலத்துல ஆண் மீன் சரளைல வாலால குழி பறிச்சு முட்டைக்கு காவல் நிக்கும், அத தூக்கினா கொஞ்ச நேரத்துல சின்ன மீனுங்க வந்து முட்டைய காலி பண்ணிடும். அங்கயும் அந்த நேரத்துல பிடிக்கலாமா கூடாதான்னு இன்னும் சண்டை போட்டுக்கறாங்க. எனக்கு சண்டையே இல்ல, பார்ப்போட, அதாவது குஞ்சோட, இருக்கற விரால தொடாதீங்க.

கேள்வி: நம்ம ஏரிங்கள்ல பாஸ் குஞ்சு கொண்டாந்து விட்டா டூரிசம் வளருமே? (ராணிப்பேட்டை)

பதில்: வேணவே வேணாம். ஜப்பான்ல 1925ல ஒரு ஏரில விட்டாங்க, அது நாடு பூரா பரவி உள்ளூர் சின்ன மீனுங்கள தின்னு தீத்துச்சு, 2005லேர்ந்து பாஸ உயிரோட எடுத்துகினு போறது கூட அங்க சட்டப்படி தப்பு. வேடிக்கை என்னான்னா 2009ல உலக சாதனைய சமன் பண்ண பாஸ் அதே ஜப்பான் பிவா ஏரிலதான் மாட்டுச்சு, பத்து கிலோவுக்கு கொஞ்சம் மேல. 1932ல அமெரிக்காவுல ஜார்ஜியால பிடிச்ச மீனும் அதே எடைதான், பிடிச்சவரு அத வீட்டுக்கு கொண்டு போய் சாப்பிட்டுட்டாருன்னு சொல்லுவாங்க. சாதனை கிடைச்சுது, ஏரி போச்சு. நமக்கு 1952ல வந்த ஜிலேபி ஒன்னே போதும், அது இல்லாத குட்டை ஒன்னு காட்டுங்க பாக்கலாம்.

கேள்வி: என் பையன் பத்தாவது படிக்கிறான். பசங்களோட கல்குவாரி குட்டைக்கு தூண்டி போட போறான். தண்ணி சுத்தமாதான் இருக்குங்கறான். அனுப்பலாமா? (ஒரு அம்மா, காட்பாடி)

பதில்: அனுப்பாதீங்கம்மா. தெளிஞ்ச தண்ணி ஆழத்த மறைக்கும்னு மேல சொன்னேன்ல, குவாரில அது உயிர் விஷயம். ஏரின்னா கரை சரிவா எறங்கும், குவாரி செவுரு மாதிரி வெட்டு, ஒரு கால் வழுக்கினா பிடிக்க புல்லு கூட கிடையாது. முள்ளு கல்லுல மாட்டிகிச்சுன்னா பசங்க எடுக்க எறங்குவாங்க, அங்கதான் ஆபத்து. அவன திட்டாதீங்க, ஞாயித்துக்கிழமை பெரியவங்க யாராவது கூட ஏரிக்கு கூட்டினு போகச் சொல்லுங்க.

கேள்வி: பொலரைஸ்டு கண்ணாடி அவசியமா?

பதில்: தண்ணி மேல அடிக்கற பளபளப்ப வெட்டும், அடில மீன் தெரியும். உபயோகம்தான். ஆனா அத போட்டுகினு மீன தேடி எழுந்து நிக்கறவங்கதான் ஜாஸ்தி.

கேள்வி: அண்ணா, காவேரிப்பாக்கம் ஏரிக்கு அடுத்த வாரம் நீங்க போறதா கேள்விப்பட்டேன், நானும் வரலாமா? (சோளிங்கர்)

பதில்: வாங்க. அது இப்ப ராணிப்பேட்டை மாவட்டம்ங்கறாங்க, எனக்கு இன்னும் வட ஆற்காடுதான். பெரிய ஏரி, காத்து ஜாஸ்தி, அதனால மோர்தானா அளவுக்கு தெளிவு எதிர்பாக்காதீங்க. குத்தகைக்காரர்கிட்ட நான் பேசிட்டேன். காலைல அஞ்சு மணிக்கு கரை மேல டீக்கடை, காக்கி இல்லன்னா பச்சை சட்டை, செருப்ப கழட்டி கைல வெச்சிக்கோங்க.