பக்கற்றின்ர பின்பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானா, ஐந்துசந்தியில இருந்து எழுதுறன். மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்தா சிப்ஸ் பக்கற் இல்லாம அடங்கமாட்டான். போன கிழமை குடும்ப வட்ஸ்அப்பில ஒரு லிஸ்ட் வந்தது, பக்கற்றின்ர பின்பக்கத்தில நிறம், ருசி எண்டு சேக்கிற சாமானுகளுக்குப் போடுற E நம்பர் இருக்கே, அதில E100 தொடங்கி E900 மட்டும் எல்லாம் பண்டிக் கொழுப்பாம். பயத்தில அலுமாரியில இருந்த எல்லாத்தையும் எறிஞ்சுட்டன். மாமி விசர் வேலை எண்டு ஏசுறா. ஆர் சரி?

பதில்: மாமி முக்கால்வாசி சரி தங்கச்சி. அந்த லிஸ்ட் எனக்கும் மூண்டு நாலு பேர் அனுப்பினவை. அதில முதலாவதா நிக்கிற E100 என்னெண்டா மஞ்சள், நீங்க மீனுக்குப் பிரட்டுற அதே மஞ்சளில இருந்து எடுக்கிற நிறம். 406 எண்டு ஒண்டு இருக்கு, அது நோன்பு காலத்தில நீங்களே காய்ச்சி தட்டில ஊத்தி வெட்டுற கடப்பாசி. இதையெல்லாம் பண்டி எண்டு எழுதினவன் ஒரு பக்கற்றையாவது திருப்பிப் பாத்திருப்பானோ தெரியேல்ல.

ஆனா மிச்சக் கால்வாசி இருக்கே, அதில விசயம் இருக்கு. நம்பரைப் பாத்தா சாமான் என்னெண்டு தெரியும், எதில இருந்து எடுத்தது எண்டு தெரியாது. 471ஐ எடுங்கோ, பிஸ்கற், கேக், ஐஸ்கிறீம் எல்லாத்திலயும் கிடக்கு, எண்ணையும் தண்ணியும் பிரியாமப் பிடிச்சு வைக்கிற சாமான், கொழுப்பையும் கிளிசரினையும் சேத்து சூடாக்கிச் செய்யிறது. அந்தக் கொழுப்பு பாம் எண்ணையாவும் இருக்கலாம் மாட்டுக் கொழுப்பாவும் இருக்கலாம் பண்டியாவும் இருக்கலாம், மூண்டுக்கும் அதே 471தான். சிப்ஸில மசாலாவோட வாற, ருசி கூட்டிற 631உம் அப்பிடித்தான், முந்தி இறைச்சி மீனில இருந்து எடுத்தவை, இப்ப கூடுதலா மாச்சத்தைப் புளிக்க வச்சு எடுக்கினம், பக்கற்றைப் பாத்து எது எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது.

621, அதுதான் அஜினோமோட்டோ எண்ட ருசி உப்பு, அது கரும்புப் பாகு, மரவள்ளி மாவில இருந்து வாறதுதானே எண்டு நாங்க நிம்மதியா இருந்தம். 2001இல இந்தோனேசியாவில அதுவே பிரச்சினையாப் போச்சு. உப்பில பண்டி இல்லை, அதைச் செய்யிற பக்டீரியாவை வளக்கிற சாப்பாட்டைத் தயாரிக்கப் பண்டியில இருந்து எடுத்த நொதியம் பாவிச்சிருக்கினம் எண்டு தெரியவர, அங்கத்தை உலமா சபை ஹராம் எண்டிட்டுது, கடையளில இருந்த சாமான் எல்லாம் திருப்பி எடுத்தவை. அதே நேரம் அந்த நாட்டு ஜனாதிபதி, அவரும் ஒரு ஆலிம்தான், ஹலால் எண்டு சொன்னவர். இவ்வளவு நுணுக்கமான விசயத்தை நீங்களும் நானும் லைற்றுக்குக் கீழ பக்கற்றைப் பிடிச்சுக் கண்டுபிடிக்கேலுமோ? அதுக்குத்தான் ஹலால் முத்திரை, பக்டரிக்குள்ள போய் என்னென்ன எங்கயிருந்து வருது எண்டு பாக்கிற ஆக்கள் குடுக்கிறது. இலங்கையில முந்தி ஜம்இய்யத்துல் உலமா எண்ட உலமா சபை குடுத்தது, 2013இல ஹலால் முத்திரைக்கு எதிரா வந்த சண்டைக்குப் பிறகு ஹலால் அக்ரிடிட்டேஷன் கவுன்சில் எண்டு தனியா ஒண்டு குடுக்குது. முத்திரை இருந்தா நம்பரை விடுங்கோ.

ரோஸ் நிற இனிப்பில 120 எண்டிருந்தா அது கள்ளிச் செடியில வாழுற பூச்சியை அரைச்ச நிறம். இந்தோனேசிய உலமாக்கள் 2011இல அது ஹலால் எண்டிட்டினம். நாங்க பின்பற்றுற ஷாஃபி மத்ஹப் எண்ட மார்க்கச் சட்டப் பிரிவில பூச்சி தின்னக்கூடாது எண்டதுதான் பழைய நிலைப்பாடு, உங்கட பள்ளி மௌலவியைக் கேளுங்கோ, நான் ரசாயனம் படிச்சவன், ஃபத்வா குடுக்கிற ஆளில்லை.

உண்மையா நான் பயப்பிடுறது சிப்ஸுக்கில்லை. வெளிநாட்டில இருந்து வாற சூட்கேசுக்குத்தான். போன வருசம் லண்டனில இருந்து வந்த சொந்தக்காரப் பிள்ளை கரடி ரொபி ஒரு பை நிறைய கொண்டுவந்து பிள்ளையளுக்குக் குடுத்திட்டுது, நான் சும்மா திருப்பிப் பாத்தன், E நம்பர் ஒண்டு ரெண்டுதான், அதுவும் பிரச்சினையில்லாதது. அதுக்கு மேல் வரியில பண்டி ஜெலற்றின், அதாவது பண்டித் தோல் எலும்பில இருந்து எடுக்கிற பசை, எண்டு பச்சையா எழுத்தில கிடந்தது. ஐரோப்பாவில ஜெலற்றினைச் சாப்பாடாத்தான் கணக்கெடுக்கிறவை, அதால அதுக்கு E நம்பர் இல்லை. நம்பர் நம்பராத் தேடுறவைக்கு அது கண்ணில படாது. வெறும் ஜெலற்றின் எண்டு மட்டும் போட்டிருந்தாலும் விடுங்கோ, மாடெண்டாலும் ஹலாலா அறுத்த மாடோ எண்டு தெரியாது. பெக்ரின் எண்டிருந்தா பழத்தில இருந்து வாறது, தாராளமாக் குடுக்கலாம்.

கேள்வி: நல்லூர் கொடியேறினா எங்கட வீட்டில 25 நாளும் மச்சம் இல்லை. இந்தியன் மிக்சர் பக்கற்றில பச்சைப் புள்ளி இருந்தா வாங்கலாமோ? கடைக்கார முஸ்லிம் தம்பி தானும் அதைப் பாத்துத்தான் வாங்கிறதாம்.

பதில்: உங்களுக்குச் சரி ஐயா, இந்தியாவில சைவச் சாமானுக்குத்தான் அந்தப் புள்ளி போடலாம், பாலும் தேனும் அதுக்குள்ள அடங்கும். கொழுப்பு, ஜெலற்றின் பயம் தம்பிக்கும் இல்லை. ஆனா வாசத்துக்குப் போடுற எசன்ஸ் சிலது அல்ககோலில கரைச்சது, பச்சைப் புள்ளி அதைப் பாக்கிறேல்ல. அதைத் தம்பியிட்டச் சொல்லிவிடுங்கோ.