முதல் உலகப் போர் ஏன் மூண்டது? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டதால்தானே போர் வந்தது?

பதில்: சுட்டது 1914 ஜூன் 28. கொலைக்குச் செர்பியாவே பொறுப்பு என்று சொல்லி ஆஸ்திரியா அதன் மீது போர் அறிவித்தது ஜூலை 28. நடுவே முழுதாக ஒரு மாதம். காலண்டரைப் பாருங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான். ஜூலை 5 அன்று பெர்லின் (ஜெர்மன் அரசு), என்ன செய்தாலும் துணை நிற்போம் என்று வியன்னாவுக்கு (ஆஸ்திரிய அரசுக்கு) வாக்களித்தது. ஜூலை 23 அன்று செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு போனது. கொலை சாக்காகத்தான் பயன்பட்டது.

கேள்வி: கொலையாளி சாண்ட்விச் வாங்க நின்றபோது கார் எதிரே வந்ததாமே?

பதில்: கார் வழி தவறி வந்தது உண்மை. சாண்ட்விச் கட்டுக்கதை.

கேள்வி: கூட்டணிகள்தான் காரணம் என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறதே?

பதில்: 1882 முதல் ஜெர்மனியுடன் கூட்டணியில் இருந்த இத்தாலி, 1914இல் ஒதுங்கி நின்று, 1915இல் எதிரணியில் சேர்ந்தது. ஒப்பந்தம் மட்டும் யாரையும் இழுத்துப் போகவில்லை.

கேள்வி: முதலாளிகளின் சந்தைப் போட்டி என்று சொல்லாமல் ஏன் மழுப்புகிறீர்கள்?

பதில்: மழுப்பவில்லை. 1913இல் ஜெர்மனி பிரிட்டனைப் போல் இரு மடங்குக்கு மேல் எஃகு உருக்கியது. ஆனால் இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று பெரிய வாடிக்கையாளர்கள். ஜெர்மனி துருக்கியில் போட்டுவந்த பாக்தாத் ரயில் பாதை பற்றிய சண்டையைக்கூட 1914 ஜூனில் பேசித் தீர்த்திருந்தார்கள். போர் நெருங்கியதும் லண்டன் பணச் சந்தை குதூகலித்ததா? ஜூலை 31 அன்று பங்குச் சந்தையை இழுத்து மூடினார்கள். மறுநாள் வங்கி வட்டி 10 சதவீதம்.

கேள்வி: (அதே நண்பர்) அப்படியானால் பொருளாதாரத்துக்குப் பங்கே இல்லையா?

பதில்: இருக்கிறது, நீங்கள் தேடும் இடத்தில் இல்லை. ரஷ்யத் தானிய ஏற்றுமதியில் பெரும் பங்கு துருக்கியின் கையிலிருந்த ஜலசந்திகள் (கருங்கடலிலிருந்து வெளியேறும் குறுகிய கடல்வழிகள்) வழியே போனது. 1912இல் துருக்கி அவற்றைச் சில வாரம் அடைத்தபோதே ரஷ்யாவுக்கு மூச்சு முட்டியது. ரஷ்யாவுக்குக் கடன் கொடுத்த பிரான்ஸ், அந்தப் பணத்தில் ஜெர்மன் எல்லையை நோக்கித் தண்டவாளம் போடச் சொன்னது. ரஷ்யாவின் படை விரிவாக்கம் 1917இல் முடியவிருந்தது. அதன்பின் சமாளிக்க முடியாது, இப்போதே மோதுவது மேல் என்று பெர்லின் தளபதிகள் கணக்குப் போட்டார்கள். லாப ஆசையைவிட, காலம் கைநழுவுகிறது என்ற பயம் பெரிது.

கேள்வி: இளவரசர் கொலைதானே உண்மையான காரணம்?

பதில்: இரண்டாவது முறை. மேலே முதல் பதில். காலண்டர்!

கேள்வி: சென்னை மீது எம்டன் குண்டு போட்டது ஏன்?

பதில்: அது 1914 செப்டம்பர் 22. போரின் விளைவு, காரணம் அல்ல. தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: (மீண்டும் அதே நண்பர்) ரயில்தான் காரணம் என்கிறீர்களா?

பதில்: கிண்டல் புரிகிறது. ஆனாலும் கேளுங்கள். ஆகஸ்ட் 1 மாலை, பிரான்ஸை விட்டுவிட்டுப் படையை முழுக்கக் கிழக்கே திருப்பலாமே என்றார் ஜெர்மன் பேரரசர் கைசர். முடியாது என்றார் தளபதி மோல்ட்கே. பிரான்ஸை முதலில் தாக்க, ஒவ்வொரு ரயிலுக்கும் நேரம் குறித்து வைத்த திட்டம் அது. ஒரே இரவில் மாற்ற முடியாது. மறுநாள் முதல் கொலோன் நகரின் ரைன் பாலத்தில் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் மேற்கே போய்க்கொண்டிருந்தது.